பதினாலு, இடமிருந்து வலம்

கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க சார். போதும், போதும். மடியில வெச்சிருக்கறது குறுக்கெழுத்துங்களா? அதான பாத்தேன். பேனாவைக் கடிச்சுட்டு மேல பாத்துட்டு இருந்தீங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. இல்லீங்க, நான் விடை சொல்ல மாட்டேன். அடுத்தவங்க கட்டத்துல கை வெக்கறது எனக்குப் புடிக்காது. ஏழு மட்டும் தப்பு. பரவாயில்லை, அப்பறமாப் பாத்துக்கோங்க.

என்ற பேரு நாச்சிமுத்து. உடுமலைங்க. காலேஜ்ல கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட்டா முப்பத்தொரு வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவன். நீங்க போடறது நேர் வகை. அரசனுக்கு இன்னொரு பேரு, மூணெழுத்து, அப்படி. நான் போடறது வேற. கோயமுத்தூர்ல இருந்து ஒரு சின்ன மாசப் பத்திரிகை வருது, அதுல வர்ற கட்டம். குறிப்புல பாதி பொருள், பாதி தந்திரம். இப்ப, 'சிவந்த சாயங்காலத்தில் பூத்தது'ன்னு ஒரு குறிப்பு. சிவப்புன்னா செம்மை. சாயங்காலம்னா அந்தி. செவ்வந்தி! பூத்ததுன்னு பொருளும் வந்துருச்சு பாருங்க. ஆ, சிரிக்கறீங்க. அந்தச் சிரிப்பு வந்துருச்சுன்னா விட முடியாதுங்க.

விடையைக் கண்டுபுடிச்சா மட்டும் பத்தாது. எப்படி வந்துச்சுன்னு விளக்கம் எழுதி அனுப்போணும். நல்ல விளக்கத்தைப் பேரோட போடுவாங்க. பதினோரு வருஷத்துல முப்பது தடவை 'உடுமலை நாச்சிமுத்து'ன்னு வந்திருக்குது. நான் சத்தமாச் சொல்லித்தான் போடுவேன். என்ற சம்சாரம் கோகிலவாணி பக்கத்துல உக்காந்து காய் நறுக்கிட்டு இருப்பா. இல்லைன்னா ஜாக்கெட்டுக்கு ஊக்கு வெச்சுட்டு இருப்பா. அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தெச்சுக் கொடுப்பா. "அதெப்படிங்க?"ன்னு கேப்பா. நான் சொல்லித் தருவேன். சில சமயம் நான் முழிச்சுட்டு இருக்கறப்ப, "இதைத் திருப்பிப் போட்டா வருமோ என்னமோ"ம்பா. குருட்டாம்போக்குல சரியா இருக்கும். எட்டாவதோ பத்தாவதோ படிச்சவங்க, அவளுக்கு என்ன தெரியும்.

போன ஐப்பசி இதழ்ல ஒரு சிறப்புக் கட்டம் வந்துச்சு. கட்டுனவர் பேரு ஆவாரை. புனைபேருங்க, புது ஆளு. மேல ஒரு அறிவிப்பு: 'ஐந்து குறிப்புகளுக்குப் பொருள் தரப்படவில்லை, தந்திரம் மட்டுமே. ஐந்தும் ஒரே இனம். இனத்தைக் கண்டுபிடிப்பவர் ஆண்டு விழாவில் மேடையேறி விளக்கலாம். அன்று ஆவாரை யார் என்பதும் தெரியவரும்.' விழாவுக்கு இருபத்துநாலு நாளு இருந்துச்சு.

காலையில காப்பி குடிச்சுட்டு உக்காந்தேன். மொதல்ல விழுந்தது இது: 'எருமைக்கு மை தீர்ந்துவிட்டது, நாலெழுத்து.' எருமைக்குங்கறதுல மையை எடுங்க. எருக்கு. எருக்கஞ்செடி! அடுத்தது, 'ஊம் என்றாள் மாமியார்.' மாமியாரை என்னன்னு கூப்புடறோம்? அத்தை. ஊம், அத்தை, சேத்துச் சொல்லுங்க. ஊமத்தை. அப்பறம் 'உதைக்கு முன்னும் பார்வைக்கு முன்னும்.' எட்டி உதை, எட்டிப் பாரு. எட்டி. 'சுருங்கிப்போன நேரம்.' குன்றிப்போன மணி, குன்றிமணி. சரி, எல்லாம் செடிகொடின்னு நெனைச்சுட்டே அஞ்சாவதுக்குப் போனேன். 'ரகசியத்தின் தலையை உள்ளே வைத்துக் கொடு.' கொடுன்னா அளி. அதுக்கு நடுவுல ரகசியத்தோட மொத எழுத்து.

அரளி.

எருக்கு, ஊமத்தை, எட்டி, குன்றிமணி, அரளி. அப்பத்தானுங்க இனம் புரிஞ்சுது. செடியில்லீங்க. விஷம்.

ஒரு மாதிரி ஆச்சு எனக்கு. ஆனாச் சந்தோசந்தான். இனத்தைப் புடிச்சுட்டேன், மேடை எனக்குத்தான். விளக்கத்தை எழுதிக் கவர்ல போட்டு அனுப்பிட்டேன். நடுவுல ஒரு அஞ்செழுத்து மட்டும் மிச்சம். பதினாலு, இடமிருந்து வலம். அது விழவே இல்லை.

மூணாம் நாளு சட்டைப் பித்தான் தெறிச்சுப்போச்சு. அவ ரேஷனுக்குப் போயிருந்தா. ஊசி தேடித் தையல் மிசின் டிராயரை இழுத்தேன். அதுக்குள்ள கிராஃப் காயிதம். பென்சில்ல கட்டம் போட்டு, அழிச்சு, மறுபடி போட்டு... நான் போட்ட அதே கட்டம் சார். விடையோட. அவ கையெழுத்து. அதுக்குக் கீழ ஒரு கடுதாசி. 'அன்புள்ள ஆவாரை, கட்டம் மிக அருமை'ன்னு ஆரம்பிச்சு, பத்திரிகை ஆசிரியர் அருள்மேரி டீச்சர் கையெழுத்துப் போட்டிருந்தாங்க.

என்ற ஊட்டுக்காரி, எனக்குத் தெரியாம, விஷத்துல கட்டம் கட்டியிருக்கறா. 'ரகசியத்தை உள்ளே வைத்துக் கொடு.' யாருக்குக் கொடு? ஊட்டுல அவ கையால சாப்புடற ஆளு நான் ஒருத்தன்தான். மக பிருந்தா தாராபுரத்துல இருக்கறா, கட்டிக்கொடுத்தாச்சு.

எல்லாத்தையும் இருந்த மாதிரியே வெச்சு டிராயரைச் சாத்திட்டேன். அவ வந்தா. பையை எறக்கி வெச்சுட்டு, "காப்பி வெக்கட்டுங்களா?"ன்னா.

"வேண்டாம் புள்ள"ன்னேன். முப்பத்தாறு வருஷத்துல நான் காப்பி வேண்டாம்னு சொன்னது அன்னிக்குத்தான்.

அன்னியிலிருந்து ஊட்டுல ஒரு வாய் சாப்புடலீங்க. வயிறு சரியில்லைன்னு சொல்லிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மெஸ்ஸு, அங்க போயிச் சாப்புட்டுட்டு வருவேன். வயிறு சரியில்லைன்னதுக்கு அவ கஞ்சி வெச்சா. மொளகு ரசம் வெச்சா. "ஒரு மொடக்காச்சும் குடிங்க"ன்னு கையில கொடுத்துட்டுப் பாத்துட்டே நிப்பா. நான் பொறவாசலுக்கு எடுத்துட்டுப்போயி முருங்கை மரத்துக்கு ஊத்திருவேன். ஊத்திட்டு மரத்தையே பாத்துட்டு நிப்பேன், எலை வாடுதான்னு. லேப்ல இருந்து கொண்டாந்த லிட்மஸ் பேப்பர் ஒரு கட்டு இருந்துச்சு, அதையும் ரசத்துல முக்கிப் பாத்தேன். லிட்மஸ்ல இந்த விஷமெல்லாம் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? இருந்தாலும் மனசு கேக்கலை.

காம்பவுண்டு ஓரத்துல ஒரு மஞ்ச அரளி இருந்துச்சு. ஆளை வெச்சு வேரோட வெட்டிப்போட்டேன். அவ ஈரத்துணியோட வந்து நின்னா.

"ஏனுங்க, பூத்துட்டு இருந்த செடியை எதுக்கு வெட்டுனீங்க?"

"மாடு கீடு தின்னுரும்."

"நம்மகிட்ட மாடே இல்லீங்களே."

"தெரு மாடு."

வெட்டிப்போட்ட கெளையைக் கொஞ்ச நேரம் பாத்தா. அப்பறம் துணி காயப்போடப் போயிட்டா. அந்தப் பார்வை இருக்குதே சார், நான் பயந்தது அதுக்குத்தான்.

நான் என்ன பாவம் பண்ணுனேன், சொல்லுங்க. ஒரு நாளு குடிச்சதில்லை. கை நீட்டுனதில்லை, அவ மேல ஒரு அடி விழுந்ததில்லை. கோவம் வந்தாப் பேசாம இருந்துருவேன், அவ்வளவுதான். பேசாம இருக்கறது ஒரு தப்புங்களா?

பத்துப் பன்னண்டு நாள்ல இடுப்புல வேட்டி நிக்கலை. அவளும் எளைச்சுப்போனா, நான் சாப்புடலைன்னு அவளும் சரியாச் சாப்புடலை போல. எனக்கு அது வேற மாதிரி தோணுச்சு. குத்த உணர்ச்சின்னு நெனைச்சேன். எந்நேரமும் அந்தப் பதினாலுதான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு. 'தப்பான தேன், நான் தப்பினேன்.' அஞ்செழுத்து. அதுல ஏதோ வெச்சிருக்கறான்னு தோணுச்சு. டிராயரைத் தெறந்தா விடை இருக்குது, ஆனா எனக்குன்னு ஒரு மானம் இருக்குதுங்களே. பாக்கலை.

விழாவுக்கு ரெண்டு நாளைக்கு முன்னால, மெஸ்ஸுல கை கழுவறப்ப விழுந்துச்சு. தப்புன்னா பிழை. பிழை, தேன். பிழைத்தேன்!

அங்கயே தொட்டியைப் புடிச்சுட்டு நின்னுட்டேன். பிழைத்தேன்னா என்னங்க? பிழை செஞ்சேன். தப்பினேன், தப்புப் பண்ணிட்டேன். புரியுதுங்களா? விஷத்தையெல்லாம் சுத்தி வெச்சு நடுவுல மன்னிப்புக் கேட்டிருக்கறா. ஏதோ ஒரு காலத்துல எனக்குக் கெடுதல் பண்ணோணும்னு நெனைச்சிருக்கறா. மனசு உறுத்தியிருக்குது. நேர்ல சொல்லத் தைரியமில்லை. நான் போடுவேன்னு தெரிஞ்சு கட்டத்துல சொல்லியிருக்கறா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. மன்னிச்சரலாம்னு முடிவு பண்ணிட்டேன். அதையும் மேடையில வெச்சே, பெருந்தன்மையா. அப்பவும் ஊட்டுல சாப்புடலீங்க. எதுக்கு வம்பு.

"நானும் விழாவுக்கு வர்றேனுங்க"ன்னா. நான் கூப்புடவே இல்லை. அரக்குக் கலர்ல பட்டுச்சேலை, பிருந்தா கல்யாணத்துக்கு எடுத்தது. இதே பஸ்ஸுலதான் போனோம். பேசலை. அவ ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம்.

கோயமுத்தூர்ல ஒரு ஸ்கூல் ஹாலுங்க. எம்பது தொண்ணூறு பேரு இருப்பாங்க. பெரிய சார்ட்டுல கட்டத்தை வரைஞ்சு மாட்டியிருந்தாங்க. அருள்மேரி டீச்சர் மைக்குல என் பேரைக் கூப்புட்டாங்க. கைத்தட்டல். எருக்கு சொன்னேன், சிரிச்சாங்க. ஊமத்தை சொன்னேன், பொம்பளைங்க பக்கம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எட்டி, குன்றிமணி, அரளி. நான் சொல்லச்சொல்ல ஒரு பையன் ஸ்கெட்ச் பேனாவுல எழுதுனான். இனம் விஷம்னு சொன்னப்ப ஹால்ல ஒரு 'ஓ' கெளம்புச்சு. கோகிலவாணி நாலாவது வரிசையில உக்காந்திருந்தா. அவ மட்டும் சிரிக்கவும் இல்லை, தட்டவும் இல்லை.

கடைசியாப் பதினாலுக்கு வந்தேன். "விடை பிழைத்தேன். பிழை செய்தேன்னு அர்த்தம். இது வெறும் கட்டமில்லீங்க. இதைக் கட்டுனவங்க ஒருத்தர்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க. அவங்க யாருன்னு எனக்குத் தெரியும். அந்த ஒருத்தர் யாருன்னும் தெரியும். எல்லாரையும் சாட்சியா வெச்சுச் சொல்றேன். நான் மன்னிச்சுட்டேன்."

கைத்தட்டுவாங்கன்னு நான் நின்னுட்டு இருக்கறேன். அருள்மேரி டீச்சர் என்னைப் பாத்தாங்க, அப்பறம் நாலாவது வரிசையைப் பாத்தாங்க. "ஆவாரை வந்து சொல்லட்டும்"னாங்க.

அவ எந்திரிச்சு வந்தா. மெதுவா, படியில சேலையைத் தூக்கிப் புடிச்சுட்டு. மைக் முன்னால இதுவரைக்கும் நின்னதில்லை, வாயை ரொம்பப் பக்கத்துல கொண்டுபோயிட்டா, கொர்ருன்னு சத்தம் வந்துச்சு. கொஞ்சம் பின்னால தள்ளி நின்னா.

"பதினாலுக்கு விடை சரிங்க. விளக்கம் தப்பு."

என் மொகத்தைப் பாக்கலை. சார்ட்டைப் பாத்துட்டுச் சொன்னா.

"தப்பினேன்னா, தப்பிச்சேன்னு அர்த்தம். பிழைத்தேன்னா உசுரோட இருக்கறேன்னு அர்த்தம். சுத்தியும் அஞ்சு இருக்குது. அஞ்சையும் தாண்டி நான் உசுரோட இருக்கறேன். நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கலீங்க."

அவ்வளவுதான். எறங்கிட்டா. பொம்பளைங்க பக்கம் ஒரு அம்மா எந்திரிச்சுக் கை தட்டுச்சு. அப்பறம் எல்லாரும் தட்டுனாங்க. நான் மேடையில, மைக்குக்குப் பக்கத்துல. எறங்கறதா நிக்கறதான்னு தெரியலை. பதினோரு வருஷ மரியாதை சார், ஒரு நிமிசத்துல.

திரும்பி வர்றப்ப கிணத்துக்கடவு தாண்டற வரைக்கும் நான் பேசலை. அப்பறம் கேட்டேன், "எப்ப?"ன்னு.

"எம்பத்தெட்டுல"ன்னா.

எம்பத்தெட்டுல எங்களுக்கு மொதக் கொழந்தை பொறந்து ஆறாம் நாளு போயிருச்சுங்க. மாசமா இருக்கறப்ப இவ ஒரு எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்தா, அதனாலதான்னு என்ற அம்மா சொல்லிட்டா. அவகிட்ட யாரும் பேசக்கூடாதுன்னுட்டா. அம்மா ஊம்னு மட்டும் சொல்லுவா, அதுக்கு மேல ஒரு வார்த்தை கெடையாது. நானும் பேசலை. அம்மா சொல்றப்ப எப்படிப் பேசறது? ஒரு நாலு மாசம் இருக்கும். அஞ்சோ. அவதான் கணக்கு வெச்சிருக்கறா, நூத்தி நாப்பது நாளுன்னு சொன்னா.

"ஒரு நாளு மத்தியானம் தோட்டத்துக்குப் போனேன். அரளிதான். கையில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அப்பக் கொழாயில தண்ணி வர்ற சத்தம் கேட்டுச்சு. அஞ்சு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி. நான் புடிக்கலைன்னா யாரு புடிப்பாங்கன்னு தோணுச்சு. தூக்கிப் போட்டுட்டு ஓடுனேன். ரெண்டு டிரம்மு, அண்டா, கொடம் எல்லாம் ரொப்பி முடிக்கறப்பக் கையெல்லாம் மரத்துப்போச்சு. அதுக்கப்பறம் போகத் தோணலை."

பஸ்ஸுல, ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டே சொன்னா. ரேஷன்ல என்ன போட்டாங்கன்னு சொல்ற மாதிரி.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"ன்னேன்.

"சொன்னேன். நீங்க மறுபடி பேச ஆரம்பிச்ச அன்னிக்கே சொன்னேன். சட்டைக்குப் பித்தான் தெச்சியான்னு கேட்டீங்க. அதான் மொத வார்த்தை. நான், 'சாகலாம்னு தோட்டத்துக்குப் போயிட்டு வந்தேனுங்க'ன்னு சொன்னேன். நீங்க, 'பித்தான் தெச்சியா இல்லியா'ன்னு கேட்டீங்க."

நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் சார். எனக்கு ஞாபகமே இல்லை. சொல்லியிருந்தாலும் அவ சொன்னது காதுல விழுந்திருக்காது. அவ எப்பவும் மெதுவாத்தான் பேசுவா. கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்.

அப்பறம் அவளே சொன்னா, "முருங்கைக்கு ரசம் ஊத்துனதும் தெரியுங்க. கட்டத்தைப் பாத்துட்டுப் பயந்துட்டீங்கன்னும் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"நூத்தி நாப்பது நாளு இருந்தேன். நீங்க இருபத்திரண்டு நாளு இருங்கன்னு விட்டுட்டேன்."

பாருங்க, இதுதான் நியாயமா?

பிருந்தாவுக்குப் போன் போட்டேன். உங்கம்மா இப்படிச் சொல்றான்னு ஆரம்பிச்சேன். "எனக்குத் தெரியும்ப்பா. நான் பத்தாவது படிக்கறப்பவே அம்மா சொல்லியிருக்கறாங்க"ன்னா. மாப்பிள்ளைக்கும் தெரியுமாம். அருள்மேரி டீச்சருக்கும் கடுதாசியில எழுதியிருக்கறா. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது சார். குடும்பத்தலைவன் எனக்கு மட்டும் தெரியலை.

இப்ப அவ மாசாமாசம் கட்டம் கட்டறா. சாப்பாட்டு மேசையில கிராஃப் காயிதத்தை விரிச்சுட்டு உக்காந்துக்கறா. நான் பக்கத்துல போனாக் கையை வெச்சு மறைச்சுக்கறா. நான் சாப்புடறேனுங்க, அதெல்லாம் இப்ப ஒழுங்காச் சாப்புடறேன். தட்டை வெச்சுட்டு அவ பாட்டுக்கு எழுதுவா. ஊடே தலைகீழாப் போச்சு.

என்னால தாங்க முடியாதது ஒண்ணுதான். இந்த இதழ்ல திருத்தம் போட்டிருக்கறாங்க, 'பதினாலுக்கு உடுமலை நாச்சிமுத்து தந்த விளக்கம் தவறு'ன்னு. அகராதியை எடுத்துப் பாத்தேன். இதோ, பையிலதான் இருக்குது, தொட்டுப் பாருங்க, எத்தனை கனம். பிழைத்தல்னா உயிர் வாழ்தல்னு போட்டிருக்குது. கீழயே குற்றம் செய்தல்னும் போட்டிருக்குது. ரெண்டும் இருக்குது! அப்ப நான் சொன்னது எப்படித் தப்பாகும்? இன்னிக்கு அருள்மேரி டீச்சரைப் பாத்து, திருத்தத்துக்குத் திருத்தம் போடச் சொல்லலாம்னுதான் கெளம்பினேன்.

காலையில அவகிட்டயும் காட்டுனேன். பக்கத்தைத் தெறந்து மேசையில வெச்சேன். கண்ணாடியைப் போட்டுட்டு, வெரலை வெச்சுப் படிச்சா. ரெண்டு தடவை படிச்சா.

"ஆமாங்க. ரெண்டு அர்த்தமும் இருக்குது"ன்னா.

"பாத்தியா!"ன்னேன்.

"ஒண்ணை நான் எடுத்துக்கிட்டேன். இன்னொண்ணு அப்படியேதான் இருக்குது"ன்னா. கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, துணியைக் கத்திரிக்கப் போயிட்டா.

இன்னொண்ணு யாருக்குன்னு அவ சொல்லலீங்க. நானும் கேக்கலை. பையைத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன். உங்ககிட்டப் பேசிட்டே வர்றேன், இவ்வளவு தூரமாப் பேசிட்டே வர்றேன்... அந்த டீச்சரம்மாகிட்டப் போயி நான் என்னன்னு சார் கேக்கறது?

எந்த ஊருங்க இது? பொள்ளாச்சியா? கொஞ்சம் காலை ஒதுக்குங்க. இல்லீங்க, டிக்கெட் கோயமுத்தூர் வரைக்கும் எடுத்திருக்குது, பரவாயில்லை. கண்டக்டர், ஒரு நிமிசம் இருங்க, ஆள் எறங்கோணும். உடுமலைக்குத் திரும்பிப் போற பஸ்ஸு எந்தப் பக்கங்க நிக்கும்?